தற்காலிகப் பிறநாட்டுத் தொழிலாளரும் வேலைகொள்வோர் அறமும் – ஒரு நோக்கு

கூலிக்கு ஆள் அமர்த்துதல் மனித சமுதாயத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்று. ஒருவனுடைய நிலமும் மற்றொருவனுடைய கையும் கூடியே விளைச்சல் தோன்றுகின்றது. அக்கூட்டில் யாருக்கு எவ்வளவு உரியது என்னும் வினாவை அறநூலாரும் பொருளியலாரும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஆயின் அவ்வினாவின் கிளையொன்று நம் காலத்திலே தனியே நோக்கத்தக்க அளவுக்கு வளர்ந்துள்ளது. தன் நாட்டில் ஆள் கிடையாத வேலைக்குப் பிறநாட்டிலிருந்து ஒருவனைக் குறித்த காலத்துக்கு மட்டும் அழைத்து, அக்காலம் முடிந்ததும் திருப்பியனுப்பும் வழக்கமே அது. இங்ஙனம் அழைப்பவன், அழைக்கப்பட்டவனுக்கு எதனைக் கடன்பட்டிருக்கின்றான்? பேசிய கூலியைக் குறைவின்றிக் கொடுத்துவிட்டால் அவன் கடன் தீர்ந்துவிடுமா? இதுவே இக்கட்டுரை ஆராயப் புகும் வினாவாகும்.

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மலையகத்திலும், குவைத்திலோ சவூதி அரேபியாவிலோ கட்டாரிலோ ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒருவரேனும் இல்லாத ஊரைக் காண்டல் அரிது. ஆதலின் நம்மவர் இப்பொருள் பற்றிப் பேசும்போதெல்லாம் போனவர் பக்கம் நின்றே பேசுகின்றனர். அது இயல்பே. ஆனால் இன்று கனடா முதலிய நாடுகளிலே ஈழத்தமிழர் பலர் தாமே கடையும் தொழிலும் நடத்தும் வேலைகொள்வோராகவும் உள்ளனர். முறைப்பாடு செய்யும் இடத்தில் மட்டும் நின்று அறம் பேசுதல் எளிது. முதலாளியின் நாற்காலியில் இருந்துகொண்டு அதே அறத்தைப் பேச முடிகின்றதா என்பதே உண்மையான சோதனை. எனவே ஈண்டு இவ்விடயத்தை வேலைகொள்வோன் பக்கத்திலிருந்து நோக்குவோம்.

1. தற்காலிகமானது எது?

‘தற்காலிகத் தொழிலாளர்’ என்னும் தொடரிலேயே ஒரு மயக்கம் உண்டு. தற்காலிகமானது வேலையா, அன்றி வேலையாளா? அப்பிள் பழம் பறித்தல் சில கிழமைகளில் முடியும் வேலை. அதற்கு வருபவனும் அவ்வளவு காலத்துக்கே வேண்டப்படுகின்றான். இங்கு வேலையும் தற்காலிகம், ஆளும் தற்காலிகம். இதில் மயக்கம் இல்லை. ஆனால் இரும்பாலையின் உலையோ, முதியோர் இல்லத்தின் படுக்கையோ ஆண்டு முழுவதும், ஆண்டாண்டு தோறும் ஆள் வேண்டி நிற்பது. அங்கே வேலை நிலையானது. ஆள் மட்டுமே தற்காலிகமாக்கப்படுகின்றான். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதனால் விளையும் கேட்டினை மேற்கு ஜேர்மனியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

இரண்டாம் உலகப்போரின் பின் விரைந்து வளர்ந்த அந்நாட்டின் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. 1955 ஆம் ஆண்டு இத்தாலியோடும், 1960 இல் ஸ்பெயின், கிரேக்கம் ஆகியவற்றோடும், 1961 இல் துருக்கியோடும், 1964 இல் போர்த்துக்கலோடும், 1968 இல் யூகோஸ்லாவியாவோடும் அது ஆட்சேர்ப்பு உடன்படிக்கைகளைச் செய்துகொண்டது. வந்தோர் ‘விருந்தினர் தொழிலாளர்’ எனப்பட்டனர். துருக்கியோடு செய்த முதல் உடன்படிக்கை, ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் தங்கலாகாது என்றது. ஒரு தொகுதியினர் வருவர், இரண்டாண்டு உழைப்பர், செல்வர், வேறொரு தொகுதியினர் வருவர். சுழற்சி முறை எனப்பட்ட இவ்வேற்பாடு ஏட்டிலே அழகாகத்தான் இருந்தது. ஆனால் 1964 இல் அந்த இரண்டாண்டு வரையறை நீக்கப்பட்டது. அதனை நீக்குமாறு வேண்டியவர் வேலைகொள்வோரே என்பது குறிப்பிடத்தக்கது. பயிற்றி முடித்த ஆளை அனுப்பிவிட்டு, மொழியும் பொறியும் அறியாத புதிய ஆளை மீண்டும் பயிற்றுவது அவர்களுக்கு நட்டமாயிற்று. வேலை நிலையானது என்பதனை அவர்களுடைய கணக்கேடே அவர்களுக்கு உணர்த்திவிட்டது.

1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியையொட்டி ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1955 முதல் அதுவரை வந்தோர் ஏறக்குறைய 140 இலட்சம் பேர் எனவும், அவருள் 110 இலட்சம் பேர் வரை திரும்பிச் சென்றனர் எனவும் கணக்கிடப்படுகின்றது. எஞ்சியோர் தங்கள் குடும்பங்களை அழைத்துக்கொண்டு அங்கேயே வேரூன்றினர். எனினும், அம்மண்ணிலே பிறந்த அவர்தம் பிள்ளைகள் சில நிபந்தனைகளோடு பிறப்பினாலேயே குடியுரிமை பெறுவதற்கு 2000 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ‘போய்விடுவர்’ என்ற எதிர்பார்ப்பினால், வந்தவர்க்கு மொழி கற்பிக்கவோ அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒழுங்கு செய்யவோ பலகாலம் எவரும் முனையவில்லை. அப்பொய்யின் செலவை அவர்களே சுமந்தனர்.

இவ்வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சி மறக்கற்பாலதன்று. 1964 செப்தெம்பரில் பத்து இலட்சமாவது விருந்தினர் தொழிலாளராக வந்திறங்கிய போர்த்துக்கேயத் தச்சர் ஒருவருக்குக் கொலோன் நகரப் புகையிரத நிலையத்திலே வாத்தியம் முழங்க வரவேற்பளித்து, இயந்திரம் பூட்டிய சைக்கிள் ஒன்றைப் பரிசாக வழங்கினர். அவ்வண்டி இன்று பொன் நகர அரும்பொருட்சாலையில் உள்ளது. ஆனால் அம்மனிதரோ பின்னர் நோயுற்றுத் தம் ஊரிலே தங்கிவிட்டார். ஜேர்மனியில் தாம் செலுத்திய காப்புறுதியின்படி தமக்கு உதவி உரியது என்பதனை அறியாமலே, சேமித்த பணத்தையெல்லாம் வைத்தியத்துக்குச் செலவிட்டு 1979 இல் இறந்தார் என்பர். அவருக்குப் பரிசு கொடுக்கத் தெரிந்தவர்க்கு, அவருக்குரியது இன்னதென எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை. பரிசு கொடுப்போன் விருப்பத்தினால் வருவது. உரிமையோ கேட்டுப் பெறற்பாலது. கேட்பதற்கு முதலில் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

2. மலையகம் தரும் சான்று

ஜேர்மனிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இதே மயக்கம் நம் தீவில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்னை மாகாணத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர் பெரும்பாலும் பருவகாலத் தொழிலாளராகவே வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளை வரை சென்று, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியிலேயே மாண்டோர் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளும் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன, லயங்கள் எழுந்தன, அங்கேயே பிறப்பும் இறப்பும் நிகழ்ந்தன. வேலை நிலையானதாக மாறியது. ஆனால் வேலையாள் தற்காலிகமானவன் என்னும் எண்ணம் மட்டும் மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வெண்ணத்தையே சட்டமாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலும் வேண்டப்பட்டது என்பதிலிருந்து அம்மயக்கத்தின் ஆயுளை அளந்துகொள்ளலாம்.

மலையகம் தரும் மற்றொரு சான்று துண்டு முறையாகும். கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக நின்றது. அக்கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என எழுதித் தோட்டம் கொடுக்கும் சீட்டே துண்டு. வேறொரு தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆட்களைத் தன்பால் எடுத்துக்கொள்ளும். மேலோட்டமாக நோக்கின் இது தொழிலாளி இடம்மாறுவதற்கு ஒரு வழி போலவே தோன்றும். உண்மையில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கடன் கூடிக்கொண்டே சென்றது. தொழிலாளி தன் சொந்தக் கடனோடு கைமாறினான். 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒருவனை வருவிக்க ஆன செலவு அவன் தலையிலேயே ஏற்றப்படுமாயின், அவன் கால் கட்டுண்டதாகவே முடியும் என்பது இம்முறை விட்டுச்சென்ற பாடம். இப்பாடத்தைக் கீழே மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

3. பத்திரத்தின் பிணைப்பு

இக்கால முறைகளுள் கனடாவினது நன்கு எழுதப்பட்ட சட்டங்களையுடையது. ஆதலின் அதனை எடுத்துக்கொள்வது நேர்மையானதாகும். தீய சட்டமொன்றைக் காட்டி வாதிடுதல் எளிது. 1966 இல் ஜமெய்க்காவிலிருந்து 264 பேர் ஒன்ராறியோ மாகாணப் பண்ணைகளுக்கு வந்ததோடு பருவகாலப் பண்ணைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. 1974 இல் மெக்சிக்கோவும் அதிற் சேர்ந்தது. ஆண்டொன்றில் எட்டு மாதம் வரை வேலை. உறைவிடம் பண்ணைக்காரர் பொறுப்பு. பருவம் முடிந்ததும் ஊர் திரும்புதல் வேண்டும். மறு ஆண்டு எவரை அழைப்பது எனப் பெயர் குறித்துக் கேட்கும் வசதி பண்ணைக்காரருக்கு உண்டு. பண்ணையல்லாத பிற தொழில்களுக்கான பொதுத்திட்டம் 1973 இல் ஏற்பட்டது. அதன்கீழ் ஆளை வருவிக்க விரும்புவோர், உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்பதனைக் காட்டி அரசின் மதிப்பீட்டைப் பெறல் வேண்டும். ஓர் இடத்துக்கு 1,000 டொலர் கட்டணம் செலுத்தல் வேண்டும். அக்கட்டணத்தைத் தொழிலாளியிடமிருந்து அறவிடலாகாது. இவையெல்லாம் நல்ல விதிகளே.

ஆயின் இம்முறையின் அச்சாணி வேறிடத்தில் உள்ளது. தொழிலாளியின் வேலை அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் ஒரேயொரு வேலைகொள்வோனின் பெயரைத் தாங்கியது. அவனிடம் வேலை செய்யும் வரையே அது செல்லுபடியாகும். வேலையை விட்டவன் அந்நாட்டில் வேறிடத்தில் உடனே வேலை செய்ய முடியாது. துன்புறுத்தப்பட்டோர் திறந்த அனுமதிப்பத்திரம் கோரலாம் என 2019 இல் ஒரு வழி ஏற்படுத்தப்பட்டது. ஆனால் துன்பத்தைச் சான்றுகாட்டி நிறுவும் சுமை தொழிலாளியுடையது. ஐக்கிய நாடுகள் சபையின் அடிமைமுறை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் 2023 இல் அந்நாட்டுக்குச் சென்று ஆராய்ந்தபின் இத்திட்டங்களைக் கடுமையாகக் கண்டித்தமைக்கு இப்பிணைப்பே தலையாய காரணம். வளைகுடா நாடுகளின் ‘கஃபாலா’ முறையும் இப்பிணைப்பின் இன்னும் இறுகிய வடிவமே. கட்டார் 2020 இல் வேலைமாற்றத்துக்கு முந்திய முதலாளியின் அனுமதி வேண்டும் என்னும் விதியை நீக்கியதும் இதனை உணர்ந்தமையாலேயே.

இப்பிணைப்பு நடைமுறையில் என்ன செய்கின்றது என்பதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். ஒரு பண்ணையிலே இருவர் அருகருகே வேலை செய்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவன் அவ்வூரவன், மற்றையவன் பத்திரத்தில் வந்தவன். கூலி இருவருக்கும் ஒன்றே. பண்ணைக்காரர் இருவரையும் நோக்கி, கையுறையும் முகமூடியும் இன்றிப் பூச்சிமருந்து தெளிக்குமாறு கூறுகின்றார். ஊரவன் மறுக்கின்றான்; மற்றையவன் தெளிக்கின்றான். பண்ணைக்காரர் அவனை மிரட்டவில்லை, உரத்தும் பேசவில்லை. அப்பணிவு எங்கிருந்து வந்தது? கூலியிலிருந்து வந்ததன்று, கூலி இருவருக்கும் ஒன்றே. அது பத்திரத்திலிருந்து வந்தது. பண்ணைக்காரர் உழைப்பை விலை கொடுத்து வாங்கினார். மௌனத்தையோ விலையின்றிப் பெற்றுக்கொண்டார்.

இதிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. அப்பண்ணைக்காரர் கொடியவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ‘இவர்கள் நல்ல உழைப்பாளிகள், ஒருநாளேனும் முறையிட்டதில்லை’ என்று அவர் மனமார மெச்சவும் கூடும். அச்சத்தை அவர் பண்பென மயங்குகின்றார். தீமை செய்ய எண்ணாதவனையும் தீமையின் பயனை நுகரச் செய்வது ஓர் அமைப்பு என்றால், அவ்வமைப்பினுள் நிற்பவனுக்கு நல்ல மனம் மட்டும் போதாது. தான் பெறும் பணிவு எங்கிருந்து வருகின்றது என ஆராயும் அறிவும் வேண்டும்.

4. சம்மதம் என்னும் வாதம்

வேலைகொள்வோர் பக்கத்தில் நிற்கும் வலிய வாதம் இதுவாகும்: ‘அவன் தானே விரும்பி வந்தான்; ஊரிற் கிடைப்பதிலும் பன்மடங்கு பெறுகின்றான்; வேண்டாமெனில் போகலாம்.’ மூன்று கூற்றுகளைக் கொண்ட இவ்வாதத்தை எளிதிற் புறக்கணிக்கலாகாது. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, விரும்பி வந்தான் என்பது. சம்மதம் எப்போது கொடுக்கப்பட்டது, எதனை அறிந்து கொடுக்கப்பட்டது என்பன ஈண்டு எழும் வினாக்கள். முகவருக்குக் கட்டப் பணம் தேடித் தாலிக்கொடியை அடகுவைத்து, வட்டிக்கும் கடன்பட்ட பின்னரே பலர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகின்றனர். ஊரிலே காட்டிய பத்திரம் ஒன்றாகவும், போய்ச் சேர்ந்தபின் நீட்டப்படும் பத்திரம் வேறொன்றாகவும் இருப்பதும் உண்டு. கடன்படுமுன் ‘ஆம்’ எனவும் ‘இல்லை’ எனவும் சொல்லக்கூடியவனாக இருந்தவன், கடன்பட்டபின் ‘ஆம்’ எனமட்டுமே சொல்லக்கூடியவனாகின்றான். தன் சுதந்திரத்தையே விற்றுவிடும் சுதந்திரம் ஒருவனுக்கில்லை என்று 1859 இல் வெளிவந்த தம் நூலில் ஜோன் ஸ்ருவாட் மில் வாதித்தார். இரண்டாண்டுப் பத்திரம் அடிமைச்சாசனம் அன்று. ஆனால் மில்லின் வாதம் ஈண்டும் ஓரளவு பொருந்தும். ஒருமுறை கொடுத்த சம்மதம் நாள்தோறும் புதுப்பிக்கப்படும்போதே அது சம்மதமாக நிலைக்கும். மறுக்க வழியின்றேல் நேற்றைய சம்மதம் இன்றைய கட்டாயமாகிவிடும்.

இரண்டாவது, பன்மடங்கு பெறுகின்றான் என்பது. இது பெரும்பாலும் உண்மையே. அப்பணத்தால் எழுந்த கல்வீடுகளையும் படித்த பிள்ளைகளையும் நாம் அறிவோம். ஆனால் ஒருவனுக்கு நன்மை விளைந்தது என்பதனால் மட்டும் ஓர் ஒப்பந்தம் நீதியாகிவிடாது. வறட்சிக் காலத்தில் ஊரிலே நீருள்ள கிணறு ஒன்றுதான் உள்ளது எனக் கொள்வோம். அதன் உரிமையாளன் ஒரு குடம் நீருக்கு ஒரு பரப்புக் காணி கேட்கின்றான். காணியை எழுதிக்கொடுத்து நீர் பெற்றவன், தாகத்தால் இறப்பதிலும் நன்மையே அடைந்தான். எனினும் கிணற்றுக்காரனை நீதிமான் என்று எவரும் கூறார். மற்றவன் தேவையின் ஆழமே விலையின் அளவுகோலாகும் இடத்தில் நன்மையும் அநீதியும் ஒருங்கே இருத்தல் கூடும்.

மூன்றாவது, போகலாம் என்பது. எங்கே போவது? உள்ளூர்த் தொழிலாளி வேலையை விட்டால் அடுத்த பட்டறைக்குப் போகின்றான். பிறநாட்டுத் தொழிலாளி வேலையை விட்டால் அடுத்த விமானத்திற்குப் போகின்றான். கடன் காத்திருக்கும் வீட்டுக்குப் போகின்றான். ‘போகலாம்’ என்னும் ஒரே சொல் இருவருக்கும் இருவேறு பொருளைத் தருகின்றது. வேலை ஒப்பந்தத்தின் நீதி பெரும்பாலும் விலகும் உரிமையிலேயே தங்கியிருக்கின்றது. விலகும் உரிமையுள்ளவனிடம் முதலாளி கேட்டு நடக்கின்றான். இல்லாதவனிடம் சொல்லி நடக்கின்றான்.

மனிதரை ஒருபோதும் கருவியாக மட்டும் கொள்ளாது, எக்காலும் நோக்கமாகவும் கொள்க என்று 1785 இல் ஜேர்மானியத் தத்துவஞானி கான்ற் வகுத்த விதி இங்கு நினைவுகூரத்தக்கது. அவர் கருவியாகக் கொள்ளலாகாது என்றாரில்லை. கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்றார். கூலிக்கு அமர்த்தும் ஒவ்வொருவனும் பிறனைக் கருவியாகக் கொள்கின்றான், அதிற் குற்றமில்லை. அவனுக்கும் நோக்கங்கள் உண்டு, அவனும் எண்ணி மறுக்கவல்லவன் என்பதற்கு இடம் வைத்திருக்கின்றோமா என்பதே வினா.

5. இரு எதிர்வாதங்கள்

அமெரிக்க அறிஞர் மைக்கல் வோல்சர் 1983 இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலிலே விருந்தினர் தொழிலாளரைப் பண்டை ஏதென்சின் அந்நியக் குடிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவர்கள் வரி செலுத்தினர், போரிலும் பணிபுரிந்தனர், ஆனால் ஆட்சியிற் பங்கு பெற்றாரில்லை. அரசியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் அரிஸ்ரோட்டிலே ஏதென்சில் அத்தகைய அந்நியராகத்தான் வாழ்ந்தார். ஒரு நாட்டின் வேலையைச் செய்து அதன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்வோர்க்குக் குடியுரிமையின் வாயில் திறந்திருத்தல் வேண்டும், இன்றேல் அது குடிகள் அந்நியர்மேல் நடத்தும் கொடுங்கோன்மையே என்பது வோல்சரின் முடிபு.

இதற்கு எதிராகப் பொருளியலார் கூறுவதும் கருதத்தக்கது. மாட்டின் றூஸ் என்பார் 2013 இல் வெளியிட்ட ஆய்விலே, வந்தோர்க்கு உரிமைகளைக் கூட்டக் கூட்டச் செல்வநாடுகள் வருவோரின் எண்ணிக்கையைக் குறைக்க முற்படுகின்றன என எடுத்துக்காட்டினார். எல்லா உரிமையும் கொடு, இன்றேல் அழைக்காதே என்று நாம் கூறுவோமாயின், அழைக்கப்படாமற் போகும் ஏழையே அதன் விலையைச் செலுத்துவான். மனச்சான்று தூய்மையுற்ற முதலாளி உறங்குவார்; கடன்காரன் ஊரிலே விழித்திருப்பான். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வேலைக்கு ஆவலோடு விண்ணப்பிக்கும் நம் கிராமத்து இளைஞனிடம் ‘குடியுரிமை தராத நாட்டுக்குப் போகாதே’ என்று கூற நமக்கு என்ன உரிமை உண்டு?

இவ்விரு வாதங்களுக்குமிடையே ஒரு வேறுபாட்டை வகுத்துக்கொள்ளல் நலம். உரிமைகள் எல்லாம் ஒரேவகையின அல்ல. குடும்பத்தை அழைத்தல், அரசின் முழு நலவுதவிகள், குடியுரிமை ஆகியன அரசின் முடிவுக்கும் செலவுக்கும் உட்பட்டவை. ஆனால் கடவுச்சீட்டு உரியவன் கையிலேயே இருத்தல், சொன்ன வேலையையே கொடுத்தல், கூலியை உரிய நாளில் கொடுத்தல், மறுத்தவனைத் திருப்பியனுப்பாதிருத்தல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. எண்ணிக்கை குறைந்துவிடும் என்னும் வாதம் முதல்வகைக்கு ஒருவாறு பொருந்தும். இரண்டாம் வகைக்குப் பொருந்தாது. வேலைகொள்வோன் கையில் உள்ளவையோ பெரும்பாலும் இரண்டாம் வகையினவே. அரசின் குறையைக் காட்டி அவன் தன் கடனிலிருந்து தப்பிக்கொள்ளல் இயலாது. சட்டம் அவனுக்கு வலிமையைக் கொடுத்தது. அவ்வலிமையை எவ்வாறு பயன்படுத்துவது என்பதனை அவனே தீர்மானிக்கின்றான்.

6. வேலைகொள்வோன் கடன்

மேற்கூறியவற்றினின்றும் வேலைகொள்வோனுக்குரிய கடன்கள் சிலவற்றைப் பெறலாம்.

முதலாவது, வருவிக்கும் செலவு அவனுடையது. தனியார் வேலைவாய்ப்பு முகவர் தொழிலாளியிடம் கட்டணம் அறவிடலாகாது என்பது சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1997 ஆம் ஆண்டுச் சமவாயத்தின் கொள்கை. ‘முகவர் வாங்கினாரோ இல்லையோ நான் அறியேன்’ என்பது விடையாகாது. தனக்காகத் திறக்கப்பட்ட வாயிலில் எவர் எதனை அறவிட்டனர் எனக் கேட்டறிவது அவன் கடன். இடையில் வேலைமாறுவோனால் தான் செலவிட்ட பணம் நட்டமாகும் என அவன் அஞ்சலாம், அவ்வச்சம் நியாயமே. ஆனால் அந்நட்டத்தை அடுத்த வேலைகொள்வோனோடு பங்கிட்டுக்கொள்ள வழிதேட வேண்டுமேயன்றித் தொழிலாளியின் தலையில் ஏற்றலாகாது. துண்டு முறை கற்பித்த பாடம் இதுவே.

இரண்டாவது, பேசியதைக் கொடுத்தல், கணக்கை அறிவித்தல். 1942 முதல் 1964 வரை மெக்சிக்கோவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்கு இலட்சக்கணக்கானோரை வருவித்த ‘பிரசேரோ’ திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், கூலியிற் பத்திலொரு பங்கு சேமிப்பு எனக் கழிக்கப்பட்டது. ஊர் திரும்பியோர் பலர்க்கு அது கிட்டவேயில்லை. அரைநூற்றாண்டு கழித்து முதியோராய் அதற்கென வழக்கிட்டு வாதாட வேண்டியதாயிற்று. கழிக்கப்படும் ஒவ்வொரு சதத்துக்கும் அவனறிந்த மொழியில் கணக்கும், திரும்பப் பெறும் வழியும் காட்டப்படல் வேண்டும்.

மூன்றாவது, உறைவிடம். வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கும்போது வேலைநேரம் முடிந்தபின்னும் முதலாளியின் ஆட்சி முடிவதில்லை. 2020 இல் கொள்ளைநோய் பரவியபோது, தமிழகத்தார் பலரும் தங்கியிருந்த சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தொற்றுக்குள்ளாயினர். அதே ஆண்டில் ஒன்ராறியோப் பண்ணைகளில் வேலைசெய்த மெக்சிக்கர் மூவர் இறந்தனர். ஓர் அறையிற் பலரை அடைத்தல் செலவுக்கணக்கில் ஓர் எண். நோய் வந்தபோது அவ்வெண் மனிதராயிற்று. தன் மகன் அவ்வறையிற் படுப்பானா என்று கேட்டுப் பார்ப்பதைவிட எளிய அளவுகோல் வேறில்லை.

நான்காவது, நிலையான வேலைக்கு நிலையான நோக்கு. ஆண்டாண்டு தோறும் ஒருவனையே அழைத்து, இருபது ஆண்டின் பின்னும் அவனைத் தற்காலிகமானவன் என்றே கருதுவது உண்மைக்கு மாறானது. சட்டம் இடந்தரும் இடத்தில் நிரந்தர வதிவுக்கு அவனுக்காக எழுதிக்கொடுத்தல், இடந்தராத இடத்தில் அச்சட்டத்தை மாற்றுமாறு தன் குரலைக் கொடுத்தல் ஆகியன வேலைகொள்வோனுக்கு உரியன. வேலைகொள்வோர் சங்கங்களின் சொல் அரசின் செவியில் ஏறும் என்பதற்கு 1964 ஆம் ஆண்டு ஜேர்மனியே சான்று. ஆள் தொகையைக் கூட்டுமாறு கேட்க வல்லவர்க்குப் பிணைப்பைத் தளர்த்துமாறு கேட்கவும் வல்லமை உண்டு. புலம்பெயர் தொழிலாளர் உரிமை பற்றிய 1990 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஆள் அனுப்பும் நாடான இலங்கை 1996 இலேயே ஏற்றுக்கொண்டது. ஆள் கொள்ளும் நாடுகளான கனடா, ஜேர்மனி, ஐக்கிய அமெரிக்கா ஆகியன ஏற்கவில்லை. கொள்வோர் மௌனமாக இருக்கும் வரை அந்நிலை மாறுமென எதிர்பார்த்தற்கில்லை.

சிறு பண்ணைக்காரரும் சிறு கடைக்காரரும் பெருநிறுவனத்தின் விலைக்கும் வங்கியின் வட்டிக்கும் இடையே நெருக்குண்டவர் என்பதனை மறுக்கமுடியாது. அவரால் எல்லாவற்றையும் செய்யவியலாது. ஆயின் மேலிருந்து வரும் நெருக்கத்தைக் கீழே நிற்பவன்மேல் இறக்கிவைப்பதற்கு அது நியாயமாகாது. அங்ஙனம் இறக்கிவைத்தால் அவனுக்குக் கீழே இறக்கிவைக்க எவரும் இல்லை.

முடிவாக, பிறநாட்டான் ஒருவனைக் குறித்த காலத்துக்கு வேலைக்கு அழைத்தல் தன்னளவில் தீதன்று என்பதும், கால வரையறையைப் பயன்படுத்தி அவன் மறுக்கும் ஆற்றலைப் பறித்தலே தீது என்பதும் இவ்வாய்வினாற் பெறப்படும். ஆகவே வேலைகொள்வோன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. இவன் கையில் இன்று எப்பண்ணையிலும் செல்லுபடியாகும் பத்திரம் ஒன்று கிடைக்குமாயின், நாளை காலையும் இவன் என்னிடம் வேலைக்கு வருவானா? ‘வருவான்’ என ஐயமின்றிக் கூற வல்லவன், தான் கொடுக்கும் கூலி உழைப்புக்கே உரிய விலை என்று கொள்ளலாம். ‘வரமாட்டான்’ என்று உள்ளம் கூறுமாயின், அவனைத் தன்னிடம் நிறுத்தி வைத்திருப்பது கூலியன்று என்பதனை அவ்வேலைகொள்வோன் உணர்தல் வேண்டும். கடன்பட்டுக் கடல்கடந்து போனவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நாம், நாளை எந்நாட்டில் எந்த நாற்காலியில் அமர்ந்தாலும், இவ்வினாவை மறவாதிருத்தல் கடனாகும்.